இரவல் விரல்

ஹனீப் பாய் கடைக்குள் ஒளித்துவைத்து அல்வா தின்கிறார் என்று நீங்களும் நினைத்திருந்தால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பெற்ற மகளே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நினைக்காமல் என்ன செய்வாள்? மனிதர் மாத்திரை போடுகிறார். காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வருகிறார். சோற்றைக் கரண்டிக் கணக்குக்குக் குறைத்துவிட்டார். ஆனாலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலைதோறும் வந்து விழும் சுகர் மிஷின் படத்தில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. வேப்பம்பட்டில் புருஷன் வீட்டில் இருக்கும் சிஃபா முதலில் கெஞ்சினாள். பிறகு திட்டினாள். போன வாரம் நாம் விட்ட இடத்தில், "நாளைக்கு நானே நேர்ல வந்து பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்த நாளைதான் இப்போது விடிந்திருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹனீப் அல்வா தின்னவில்லை. பாவம், மோந்துகூடப் பார்க்கவில்லை.

*

கும்மிடிப்பூண்டி பஜாரில் கீழே கடை, மேலே வீடு. சேஃப்டி ஷூ, கையுறை, ஹெல்மெட், பாய்லர் சூட் என்று சிப்காட் தொழிற்பேட்டைக்குள் போகிறவர்களுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஹனீப் கடையில் கிடைக்கும். எஸ்டேட்டில் வேலை செய்கிற பாதிப் பேருடைய கால் அளவு அவருக்கு மனப்பாடம். ஆளைப் பார்த்தால் பெயர் மறந்துபோகும், ஷூ நம்பர் மறக்காது.

மேலே சமையல்கட்டில் அவர் மனைவி ஆரிபா அடுப்பைத் தணித்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்து முடித்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேடை பக்கம் வந்தாள். அங்கே சுகர் மிஷினும், ஸ்ட்ரிப் டப்பாவும், விரலில் குத்துகிற ஊசிப் பேனாவும் இருந்தன. ஹனீப் போனில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"ஆடாம புடிங்க. நேத்து எடுத்த படம் கலங்கிப் போச்சுன்னு அவ கத்துனா" என்றாள் ஆரிபா.

"நீ முதல்ல குத்து."

ஆரிபா பேனாவைத் தன் மோதிர விரலின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். டக்.

ஹனீப் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

சரியாகத்தான் படித்தீர்கள். குத்து வாங்கியது ஆரிபா. கண்ணை மூடியது ஹனீப்.

அவருக்கு ஊசி என்றால் ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. டாக்டர் ஜெயராஜ் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னதும் சிஃபா ஓடிப்போய் மிஷின் வாங்கிவந்து, முதல் நாள் வாப்பாவின் விரலில் தானே குத்தினாள். ஹனீப் அரிசி டிரம்மில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து, கடைசியில் படுத்தும்விட்டார். ஸ்டீல் கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜர்களிடம் ஒரு ரூபாய் இறங்காமல் நிற்கிற மனிதர், ஒரு சொட்டு ரத்தத்துக்கு மல்லாந்து கிடந்தார்.

அதற்கப்புறம் தினமும் காலையில் வீட்டில் ரகளை. இவர் விரலை மடக்கிக்கொள்வார், அவள் போனில் அழுவாள். ஆரிபாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"என் விரல்ல எடுத்து அனுப்பிடுவோம். எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, நல்ல நம்பரா வரும். புள்ள நிம்மதியா வேலைக்குப் போவா. நீங்க மாத்திரைய மட்டும் ஒழுங்கா போடுங்க, போதும்."

முதல் நாள் எண் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. "கூடுதலாவே இருக்கட்டும், அப்பத்தான் நம்புவா" என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

அப்புறம் அது ஏற ஆரம்பித்தது. சிரிப்பு நின்றது. ஸ்ட்ரிப் டப்பாவை மாற்றினார்கள். பேட்டரியை மாற்றினார்கள். மிஷின் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினார்கள். ஆரிபாவுக்குச் சர்க்கரை இருக்கலாம் என்பது மட்டும் அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆரிபாவுக்கே தோன்றவில்லை. அவள் மற்றவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் உடம்பை யார் பார்த்தார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. ஹனீபுக்கு விலக்கிவைத்த பேரீச்சம்பழம், கஸ்டமர் கொண்டுவந்து தரும் ஸ்வீட் பாக்ஸ், வெள்ளிக்கிழமைப் பாயசத்தில் அவருடைய பங்கு எல்லாம் எங்கே போயின? வீணாகக் கூடாதே என்று ஆரிபாவே சாப்பிட்டாள்.

மிஷின் பீப் என்றது. ஹனீப் ஒரு கண்ணைத் திறந்தார்.

"எவ்ளோ?"

"இருநூத்தி அம்பத்தொண்ணு."

"யா அல்லாஹ்! இத அனுப்பாத."

"அனுப்பலைன்னா இன்னும் சந்தேகம் வரும். எப்படியும் வந்துக்கினுதான் இருக்கா."

படம் போனது. பதில் வர நேரமாகவில்லை. ரயில் சத்தத்துக்கு நடுவே சிஃபாவின் குரல் போனிலிருந்து வெடித்தது.

"வாப்பா! வெறும் வயித்துலயே இருநூத்தி அம்பதா? டாக்டர் கூடுதலா எழுதிக் குடுத்த மாத்திரைய போடுறீங்களா இல்லியா? இதுக்கும் அடங்கலைன்னா இன்சுலின்தான். தினம் ஊசி. இன்னைக்கு டாக்டர்கிட்ட போறோம், கடை இருக்கு கஸ்டமர் இருக்குன்னு கத விடக் கூடாது."

ஊசி என்ற வார்த்தையில் ஹனீபுக்கு முகம் வெளுத்தது. நேராகப் போய் மாத்திரை அட்டையை எடுத்து, பழையதோடு புதியதையும் சேர்த்து விழுங்கினார். இந்தக் கூடுதல் மாத்திரையை டாக்டர் எழுதியது சிஃபா கொண்டுபோய்க் காட்டிய மிஷின் படங்களைப் பார்த்துத்தான். ஆளை ஒரு வாரத்துக்குள் நேரில் கூட்டிவரச் சொல்லியிருந்தார். ஆள்தான் போகவில்லை. ரத்தம் ஆரிபாவுடையது, மாத்திரை ஹனீபுடையது. அந்த வீட்டில் இது யாருக்கும் உறுத்தவில்லை.

"ரெண்டு இட்லியாச்சும் சாப்புட்டுப் போங்க."

"வேணாம். பொண்ணு வந்தவொடனே எடுத்துப் பார்ப்பா. வயிறு காலியா இருந்தா கம்மியா காட்டும்" என்று இரண்டு வாய் கேழ்வரகுக் கூழோடு எழுந்துவிட்டார்.

படியிறங்கப் போனவரை ஆரிபா நிறுத்தினாள். "இந்தாங்க. சுகர் கிகர்னு கடையில யார்கிட்டயும் பேசிக்கினு இருக்காதீங்க. வெள்ளிக்கெழம ஜபீன் வீட்டுலேந்து வராங்க. பழவேற்காட்டுக்குச் சேதி போச்சுன்னா, பொண்ண மருமகளா அனுப்புறோமா நர்ஸா அனுப்புறோமான்னு கேப்பாங்க."

ஜபீன் என்பது மகன் சர்ஃபராஸுக்குப் பார்த்திருக்கும் பழவேற்காட்டுப் பெண். சர்ஃபராஸ் ஒரகடத்தில் வேலையில் இருக்கிறான், சனி ஞாயிறில்தான் வருவான். ஜும்ஆ தொழுகை முடிந்து பெண் வீட்டார் வருவதாகப் பேச்சு. ஆரிபாவின் மனசெல்லாம் அந்த வெள்ளிக்கிழமையில் இருந்தது.

*

சென்ட்ரலில் இறங்கி மாறி, கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னல் ஓரம் பிடித்திருந்த சிஃபா படங்களை மறுபடி மறுபடி பார்த்தாள். கோபம் மீஞ்சூர் வரைக்கும்தான் தாங்கியது. அப்புறம் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவளோடு வேலை செய்யும் செண்பகத்தின் அப்பாவுக்குச் சர்க்கரையால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். செண்பகம் அதைச் சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னாள். சிஃபாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வாப்பா கடையில் யார் வந்தாலும் முட்டி போட்டு உட்கார்ந்து ஷூ மாட்டிவிடுவார். கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, "இறுக்குதா?" என்று கேட்பார். ஊருக்கெல்லாம் ஷூ மாட்டிவிடுகிற மனுஷனுக்குக் கால் போய்விட்டால்? அந்த நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை. துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிர் சீட்டுக்காரம்மா கண்டும் காணாததுபோல் திரும்பிக்கொண்டார்.

*

கடையில் வசந்தகுமார் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். ரோலிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவன்.

"இன்னா பாய், ரெண்டும் லெஃப்ட்டு காலு. ஏன் ரைட்டு காலுக்கு லீவா?"

"போட்டுப் பாரு. சரியா இருக்கும்" என்றார் ஹனீப்.

"எங்கத்தி சரியா இருக்கும்? எட்டாம் நம்பர் கேட்டா ஆறாம் நம்பர் குடுத்துகினு கீறே."

"போடுன்னா போடேன்!"

ஹனீப் கத்தி யாரும் கேட்டதில்லை. வசந்தகுமார் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை உற்றுப் பார்த்தான். மின்விசிறி நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கல்லா மேஜையைப் பிடித்த கை நடுங்கியது. கண் எங்கேயோ பார்த்தது.

"யக்கா! யக்கோவ், கீழ வா! பாய்க்கு இன்னாமோ ஆவுது!"

ஆரிபா இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தாள். ஹனீப் அதற்குள் ஷூ பெட்டிகளில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது.

"ஆரிபா… ஒரு டீ… சக்கர போட்டு…"

"வாங்கியாரேன்" என்று வசந்தகுமார் கிளம்பினான்.

"வேணாம்!" ஆரிபா கூவினாள். "சக்கர ஏறிக் கெடக்கு. காலையிலயே இருநூத்தி அம்பது. இனிப்பு பட்டா உசுருக்கே ஆபத்து."

ஒரு ஷூ பெட்டி மூடியை எடுத்து அவர் முகத்துக்கு வீசத் தொடங்கினாள். வாய் துஆவை முணுமுணுத்தது. அவர் மறுபடி டீ என்றார். அவள் மறுபடி வேண்டாம் என்றாள். அவ்வளவும் அன்பு. அந்த நேரத்தில் அந்தக் கடைக்குள் அதைவிட ஆபத்தான பொருள் வேறு இல்லை.

வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சிஃபா இறங்கியவள் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"வாப்பா! உம்மா, இன்னா ஆச்சு?"

"சக்கர தலைக்கு ஏறிடுச்சு போல. டீ வேணும் டீ வேணும்னு கேக்குறாரு, நான் குடுக்கல."

"மிஷினு எங்க?"

வசந்தகுமாரே மேலே ஓடி மிஷினைக் கொண்டுவந்தான். சிஃபா தரையில் உட்கார்ந்து புது ஊசி மாட்டி, ஸ்ட்ரிப்பைச் செருகினாள்.

"விரல நீட்டுங்க வாப்பா."

அரை மயக்கத்திலும் ஹனீப் முஷ்டியை மூடிக்கொண்டார். கண் மட்டும் திரும்பி ஆரிபாவைத் தேடியது.

அப்போதுதான் அது நடந்தது. ஆரிபா யோசிக்கவே இல்லை. தினமும் காலையில் செய்கிற அதே வேகத்தில், மோதிர விரலைத் தூக்கித் தன் கையை மகளிடம் நீட்டினாள்.

சிஃபா அந்த விரலைப் பார்த்தாள். ஓரமெல்லாம் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். பக்கத்து விரலிலும் புள்ளிகள். பிறகு வாப்பாவின் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"உம்மா… உன் கைய ஏன் நீட்டுற?"

ஆரிபாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு உடைந்துவிட்டாள்.

"அவரு விரல்ல எடுடி. இத்தன நாளு எடுத்தது எல்லாம் என் விரல்ல."

சிஃபா வாப்பாவின் முஷ்டியைப் பலமாக விரித்தாள், குத்தினாள். ஹனீபுக்கு உதறக்கூடத் தெம்பில்லை. மிஷின் கணக்குப் போட்டு முடிக்கும்வரை மற்ற மூன்று பேரும் அந்தத் திரையையே பார்த்தார்கள்.

நாற்பத்தெட்டு.

"ஏறல உம்மா! இறங்கிப் போச்சு! பாதாளத்துக்கு இறங்கியிருக்கு! அண்ணா, சக்கர, சக்கர கொண்டாங்க, சீக்கிரம்!"

வசந்தகுமார் எதிர் டீக்கடைக்குப் பாய்ந்தான். மாஸ்டர் கையிலிருந்த சர்க்கரை டப்பாவைக் கேட்காமலே பிடுங்கிக்கொண்டு வந்தான். ஆரிபா கைகொள்ளாமல் அள்ளித் தண்ணீரில் போட்டாள். தான் இவ்வளவு நேரம் தராமல் தடுத்து வைத்திருந்ததைத் தன் கையாலேயே கலக்கி, புருஷன் வாயில் வைத்தாள். அவர் விழுங்கினார். இன்னொரு வாய். இன்னொரு வாய்.

"குடிங்க. குடிங்க என் ராஜா. மாட்டேன்னு சொல்ல மாட்டேன். எவ்ளோ வேணும்னாலும் குடிங்க."

அவளுடைய கண்ணீரும் அந்தத் தம்ளரில்தான் விழுந்தது.

*

கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினாள் சிஃபா. எண்பத்தாறு. ஹனீபின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. சிஃபா அவரை விடாமல் நாலு இட்லி சாப்பிடவைத்தாள். வசந்தகுமார் தானே அலமாரியில் தேடி எட்டாம் நம்பரில் வலது காலையும் இடது காலையும் ஜோடி சேர்த்து மாட்டிக்கொண்டு, "வர்ட்டா பாய். உடம்ப பாத்துக்க. நீ இல்லாட்டி என் ஷூ நம்பர் யாருக்குத் தெரியும்?" என்று கிளம்பினான்.

ஹனீப் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு தரம் குத்திட்டியா?"

"ஆமா."

"எறும்பு கடிச்சாப்ல கூட இல்லியே."

சிஃபாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுகைதான் முந்திக்கொண்டது.

"இதுக்காவா வாப்பா? இதுக்காவா என்னை ஏமாத்துனீங்க? நான் பொய்யான நம்பரக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டி, உங்களுக்கு மாத்திரைய ஏத்தி, நானே உங்கள…"

"அவர ஏசாத. யோசன என்னுது" என்றாள் ஆரிபா. "நீ அங்க அழக் கூடாதுன்னுதான் செஞ்சேன். மிஷினு வேற கெட்டுப்போயி, தப்பு தப்பா காட்டித் தொலைச்சிச்சு."

பேசிக்கொண்டே ஆரிபா, மகளின் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். பாட்டில் காலியாயிற்று.

சிஃபா அழுகையை நிறுத்தினாள். உம்மாவைப் பார்த்தாள். காலி பாட்டிலைப் பார்த்தாள். ஒரே மாசத்தில் ரவிக்கை இவ்வளவு தொளதொளவென்று எப்படி ஆனது என்று இப்போதுதான் பார்த்தாள்.

"மிஷினு கெட்டுப் போகல உம்மா" என்றாள் மெதுவாக. "இப்ப வாப்பாவுக்குச் சரியாத்தானே காட்டுச்சு? அப்ப இத்தன நாளு வந்த நம்பரெல்லாம் யாருது?"

ஹனீப் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"எனக்கு எங்கடி சுகரு?" ஆரிபா சிரிக்கப் பார்த்தாள். "நான் நல்லாத்தானே கீறேன். ராத்திரியில நாலு தரம் எழுந்திருக்கறேன், அது தண்ணி குடிக்கறதால. காலு எரியுது, அது படி ஏறி எறங்கறதால…"

சொல்லச் சொல்ல அவளுக்கே புரிந்துவிட்டது. குரல் தேய்ந்தது.

"கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு வா உம்மா."

கழுவிவந்து நீட்டினாள். எத்தனையோ தடவை பயமில்லாமல் நீட்டிய அந்த விரல் இன்றைக்குப் பாதியில் மடங்கியது. ஹனீப் அவளுடைய மறு கையைப் பிடித்துக்கொண்டார். சிஃபா ஊசியை மாற்றிக் குத்தினாள். ஹனீப் கண்ணை மூடவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஆரிபா அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஹனீப் பேச ஆரம்பித்து, தொண்டையைக் கனைத்து, மறுபடி ஆரம்பித்தார்.

"எனக்குச் சாப்பாட்ட அளந்து வெச்ச. என் மாத்திரைய எண்ணி வெச்ச. என் பங்கு இனிப்பெல்லாம் நீ தின்ன. பக்கத்துலயே நின்னு தினம் போட்டோ எடுத்தேன் ஆரிபா. நம்பரப் பாத்தேன், உன்னப் பாக்கல."

முப்பது வருஷத்தில் மனிதர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். ஆரிபா பதிலுக்கு, "கூழு ஆறிப் போயிருக்கும்" என்றாள். எழுந்திருக்கப் போனவளை மகள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

*

சிஃபா அங்கிருந்தே டாக்டர் ஜெயராஜுக்குப் போன் போட்டாள். கூடுதல் மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். தனியாக விடாதீர்கள், மறுபடி இறங்கலாம், அடிக்கடி எடுத்துப் பாருங்கள், இப்போதே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். ஹனீப் கடையைப் பூட்டினார். பெருநாளைத் தவிர வேறு எதற்கும் பகலில் பூட்டாத கடை.

டாக்டர் முழுக் கதையையும் கேட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டப்போகிறார் என்று ஆரிபா தலையைக் குனிந்தாள். திட்டத்தான் செய்தார், ஹனீபை நன்றாகவே திட்டினார். பிறகு சிஃபாவின் போனை வாங்கி, அத்தனை படங்களையும் முதலிலிருந்து பொறுமையாகத் தள்ளிப் பார்த்தார்.

"லேபுல ஒரு தடவ ரத்தம் குடுங்கம்மா, உறுதி பண்ணிக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன். இப்படி ஆரம்பத்திலேயே தினம் எடுத்துப் பார்த்துட்டு வர்ற பேஷண்ட் எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்ல. அதுவும் தனக்கு இருக்குன்னே தெரியாம."

ஆரிபா நிமிர்ந்து பார்த்தாள்.

"பயப்படாதீங்க. நேரத்துல புடிச்சிருக்கோம். அடக்கிடலாம்."

வெளியே வந்ததும் ஆரிபா கேட்டாள். "அப்ப நான் குத்திக்கினது வீணாப் போகல?"

"இல்ல உம்மா. பேரு மட்டும்தான் தப்பாப் போட்டிருந்தோம்." சிஃபா அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். காலையில் ரயிலில் வந்து உட்கார்ந்த பயம் முழுசாக எழுந்து போய்விடவில்லை. ஆனால் நகர்ந்து இடம் கொடுத்திருந்தது.

*

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு ஹனீப் சமையல்கட்டுக்கு வந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மேடைமேல் சிஃபா இரண்டு ஊசிப் பேனாக்களை வைத்திருந்தாள். வரும் வழியில் உம்மாவுக்கென்று தனியாக வாங்கியது ஒன்று. வாப்பாவின் பேனாவில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள், இனிக் குழப்பம் வேண்டாமென்று.

"முதல்ல எனக்கு" என்று விரலை நீட்டினார் ஹனீப்.

ஆரிபா அவர் கையை ஏந்திக்கொண்டாள். "கண்ண மூடிக்குங்க."

"மூட மாட்டேன்."

மூடவில்லை. ஒரு கண் மட்டும் லேசாகச் சுருங்கியது, அதை நாம் கணக்கில் எடுக்க வேண்டாம். நூற்று முப்பத்திரண்டு. பிறகு ஆரிபாவுக்கு. இருநூற்று இருபது. கடையில் எடுத்ததைவிட இறங்கியிருந்தது.

சிஃபா சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஹனீப் இரண்டையும் படம் எடுத்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினார். முதல் படத்துக்குக் கீழே, 'இது நான்.' இரண்டாவதற்குக் கீழே, 'இது உங்க உம்மா. இதுவரைக்கும் அனுப்புனது எல்லாமே உம்மாதான். மன்னிச்சிக்குங்க புள்ளைங்களா.' அனுப்பியும்விட்டார்.

"இன்னா பண்ணீங்க? குரூப்புல போட்டுட்டீங்களா?" ஆரிபா பதறினாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னேனே!"

"நம்ம குரூப்புதானே. நாம நாலு பேரு. சர்ஃபராஸுக்குத் தெரிய வேணாமா?"

சிஃபா தன் போனைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"வாப்பா… அஞ்சு பேருன்னு காட்டுது."

"அஞ்சாவது யாரு?"

"சர்ஃபராஸ் மத்தியானம் சேத்திருக்கான். நாம டாக்டர்கிட்ட இருந்த நேரத்துல. ஜபீன."

அடுப்பில் சப்பாத்தி கருகும் வாசனை வந்தது. யாரும் நகரவில்லை.

"இன்னும் பேச்சே முடியல, அதுக்குள்ள குரூப்புல சேத்துட்டானா!" என்றாள் ஆரிபா.

"அழிச்சிடுங்க வாப்பா, போன குடுங்க. ஒரு செகண்டு. இன்னும் பாத்திருக்க மாட்டா." சிஃபா வாப்பாவின் போனை வாங்கி அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். அழிக்கட்டுமா என்று போன் கேட்டது.

ஆரிபா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். இருக்கட்டும்."

"உம்மா, வெள்ளிக்கெழம அவங்க…"

"நல்லதுக்குன்னு நெனச்சி ஒரு பொய்ய அனுப்புனேன். அது இன்னைக்கு இவர கொண்டு போயிருக்கும்." ஆரிபாவின் குரல் நடுங்கவில்லை. "இன்னொரு பொய் இந்த ஊட்டுலேந்து போகாது. வர்ற பொண்ணு எங்க ரத்தத்தத் தெரிஞ்சிக்கினே வரட்டும். வராட்டியும் சரி."

சிஃபா விரலை எடுத்தாள்.

படத்தின் கீழே இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மேலே ஜபீன் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று போன் காட்டியது. நின்றது. மறுபடி எழுதத் தொடங்கினாள். மறுபடி நின்றது.

ஆரிபா அந்தச் சின்னத் திரையையே பார்த்தாள். ஹனீப் எட்டி அடுப்பை அணைத்துவிட்டு, ஊசி பட்ட தன் விரலை அவளுடைய விரலோடு கோத்துக்கொண்டார்.